வலிக்காமல் நிற்க

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்குச் சற்று முன்னால் இருந்த அந்தக் கேளிக்கைப் பூங்காவுக்கு வருகிறவர்கள் முதலில் ‘நிமிர்’ எங்கே என்றுதான் கேட்பார்கள். அதில் ஏறி இறங்கியதும் உட்கார இடம் எங்கே என்று கேட்பார்கள்.

‘நிமிர்’ நின்றபடியே போகும் ரோலர் கோஸ்டர். கால்களுக்கு நடுவே சைக்கிள் சீட் மாதிரி ஒரு சிறு தாங்கல், தோளின் மேல் வந்து இறங்கும் பூட்டுக்கம்பி, பாதத்துக்குக் கீழே ஒரு தட்டு, அவ்வளவுதான். தண்டவாளம் தலைகீழாகச் சுழன்று, உப்பளங்களின் மேல் தாழப் பறந்து திரும்பும்போது உடம்பின் எடை மூன்று மடங்காகி முழங்காலில் இறங்கும். பயத்தில் காலை விறைத்துக்கொண்டு நிற்பவர்களுக்கு முட்டி போகும். காலைத் தொங்கவிட்டு அந்தச் சின்னத் தாங்கலில் உட்கார்ந்துவிடுபவர்களுக்கு வேறிடம் போகும். இரண்டு வகையினரும் இரண்டாவது முறை ஏறுவதில்லை.

அதைச் சரிசெய்யும் பொறுப்பு தமயந்தியிடம் வந்தது. மனித உடம்பு எவ்வளவு குலுக்கலைத் தாங்கும் என்பதுதான் அவள் படித்த படிப்பு. பூங்காவில் அவள் சேர்ந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருந்தன. ஏறுமேடையில் நின்று ஆட்களைப் பூட்டி அனுப்பும் ஜெசிந்தா அவளுக்குப் பழக்கமானதும் இந்த வேலையில்தான்.

ஜெசிந்தாவுக்குச் சாத்தான்குளம் பக்கம். சென்னையில் ‘பூந்துகில் சில்க்ஸ்’ என்ற பெரிய ஜவுளிக்கடையில் ஐந்து வருடம் சேலை எடுத்துப் போட்டவள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தாள்.

“முட்டிய லேசா மடக்கி நில்லுங்க. சீட்டுல பாரத்தப் போடாதீங்க. தலையப் பின்னால சாச்சு வச்சிக்கிடுங்க,” என்று ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் அவள் கத்துவாள். சொன்னபடி செய்தால் உண்மையிலேயே வலி பாதியாகக் குறையும். ஆனால் முதல் இறக்கத்திலேயே எல்லாருக்கும் எல்லாம் மறந்துவிடும்.

“நான் சொல்லுதது காதுல ஏறுதுக்கா. காலுக்கு எறங்க மாட்டேங்கு,” என்றாள் ஒருநாள்.

தமயந்திக்கு அந்த வார்த்தை மனதில் தங்கியது. காதை விட்டுவிட்டுக் காலிடமே நேராகச் சொல்லிவிட்டால் என்ன?

அப்படி உருவானதுதான் ‘தாங்கி’. தொடையிலிருந்து கணுக்கால் வரை இறுக்கமாக ஏறும் மெல்லிய கறுப்பு உறை. அடுத்த வளைவு எப்போது வருகிறது, எந்தப் பக்கம் தள்ளப்போகிறது என்பது தண்டவாளத்துக்குத் தெரியும். அது உறைக்குச் சொல்லும். உறை சின்ன மின்துடிப்பால் தசைக்குச் சொல்லும். வளைவு வருவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் முட்டி தானாக மடங்கும், தொடை இறுகும், பாரம் சரியான காலுக்கு மாறும்.

முதலில் போட்டுக்கொண்டு ஏறியவள் ஜெசிந்தா. இறங்கியதும் யோசித்துச் சொன்னாள்.

“அடி விழலக்கா. பஸ்ஸுல நல்லா பழகின கண்டக்டர் நிப்பார்லா, அந்த மாரி நிக்கேன். ஆனா குடைச்சல் இருக்கு. இருக்கத்தானே செய்யும், மூணு ஆளு கனத்த ஒத்த ஆளு தாங்குனா.”

குடைச்சல் இருந்தால் யாரும் இன்னொரு முறை ஏற மாட்டார்கள். அதனால் தமயந்தி உறையில் இரண்டாவது வேலையையும் சேர்த்தாள். கால் மூளைக்கு அனுப்பும் வலியை நரம்பின் வழியிலேயே தணித்துவிடுவது. ஒரு சுற்று மூன்று நிமிடம்தானே, அதனால் ஒன்றும் வந்துவிடாது என்று பூங்காவின் மருத்துவ ஆலோசகரும் கையெழுத்துப் போட்டார்.

இந்த முறை ஜெசிந்தா இறங்கவே இல்லை. பூட்டுக்கம்பிக்குள் நின்றபடி சிரித்தாள். “இன்னொரு சுத்து விடுங்கக்கா,” என்றாள். அன்று மாலை உறையைக் கழற்றிக் கையில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க கடையில நிக்கயில இது இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். காலைல பத்து மணிக்கு நின்னா ராத்திரி கடை அடைக்க மட்டும் நின்னுக்கிட்டேதான் இருக்கணும். என் தங்கச்சி மெர்லின் இன்னமும் அங்கதான் நிக்கா.”

தமயந்தி இதை மறுநாள் கூட்டத்தில் சிவபாலனிடம் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். சிவபாலன் பூங்காவின் உரிமையாளர். அதிகம் பேசாதவர், யாரையும் அதட்டாதவர். அவர் கேட்டுக்கொண்டார். பேனாவை மூடி வைத்தார். பிறகு வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்.

‘நிமிர்’ ஓடத் தொடங்கியது. வயதானவர்கள்கூட வரிசையில் நின்றார்கள். இறங்கியவர்கள் வரிசையின் கடைசியில் போய் மறுபடி சேர்ந்தார்கள். தமயந்திக்கு ஒரு விருது கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு திரும்பிய வாரத்தில் சிவபாலன் அவளைக் கூப்பிட்டார்.

“பூந்துகில் சில்க்ஸ்ல எல்லாக் கிளைக்கும் ‘தாங்கி’ கேக்குறாங்க. கடையில நிக்குற எல்லாருக்கும் ஒரு ஜோடி. தண்டவாளம் இல்லாம வேலை செய்யுற மாதிரி மாத்திக் குடுங்க.”

“முழு நாளுக்கா சார்?”

“ஷிஃப்ட் முழுக்க.”

“கடையில உக்கார நாற்காலி போடணும்னு சட்டமே இருக்கே.”

“போட்டிருக்காங்க. நாற்காலி இருக்கும். வலிக்கலைன்னா யாரு போய் உக்காரப் போறா?” அவர் சிரிக்கவில்லை. “தமயந்தி, யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் நல்லதுதானே. அந்தப் பொண்ணுங்க வலியில்லாம வீட்டுக்குப் போவாங்க.”

அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஜெசிந்தா அதைக் கேட்டுக் கண் கலங்கினாள். மெர்லின் முதல் வாரத்திலேயே போனில் கூப்பிட்டாள். “அக்கா, அந்த மேடம்ட்ட சொல்லு. ராத்திரி படுத்தா காலு இருக்கதே தெரியல. அப்படியே தூங்கிட்டேன்,” என்றாளாம். ஜெசிந்தா அதைத் தமயந்தியிடம் அப்படியே சொல்லிக் காட்டினாள். இருவரும் சந்தோஷப்பட்டார்கள்.

கால் இருப்பதே தெரியவில்லை என்ற பேச்சைப் பற்றித் தமயந்தி அப்போதே நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

சித்திரை முடிந்து வெயில் ஏறிய ஒரு காலையில் ஜெசிந்தா வேலைக்கு வரவில்லை. மதியம் நேராகத் தமயந்தியின் அறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மெர்லினுக்கு ரெண்டு கால்விரல எடுத்துட்டாங்கக்கா.”

ஜவுளிக்கடையில் தரையெல்லாம் குண்டூசி. புதுச் சேலை மடிப்பில் குத்தியதைப் பிடுங்கிப் போடுவார்கள், அது ஜமுக்காளத்தில் கிடக்கும். வேலை செய்கிறவர்கள் வெறுங்காலோடு அதன்மேல் நிற்பார்கள். வழக்கமாக ஒன்று குத்தினால் ‘ஸ்’ என்று காலைத் தூக்கிப் பிடுங்கி எறிவார்கள். மெர்லினின் விரல் இடுக்கில் ஊசி ஏறி உள்ளேயே ஒடிந்திருக்கிறது. அது என்றைக்கு ஏறியது என்று அவளுக்கே தெரியாது. விடுதியில் பக்கத்துக் கட்டில் பெண், என்ன நாற்றம் இது என்று கேட்டபோதுதான் காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள்.

“ராத்திரி கழட்டி வச்ச பிறகு வலிச்சிருக்கணுமே,” என்றாள் தமயந்தி. கேட்கும்போதே பதில் அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று நிமிடம் தணித்த நரம்பு உடனே விழித்துக்கொள்ளும். நாள் முழுக்கத் தணித்த நரம்பு விடியும்வரை மரத்துக் கிடக்கும். விடிந்ததும் மறுபடி உறை. நாள் கணக்கில் யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

“டாக்டர் கேட்டாராம், வலிக்கலையாம்மான்னு. இவ, அதுக்குத்தானே சார் போட்டிருக்கேன்னு சொல்லியிருக்கா,” என்றாள் ஜெசிந்தா. அழாமல் சொன்னாள். தமயந்தியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் தமயந்தி கடைக்குப் போனாள். மூன்றாவது தளம், பட்டுப் பிரிவு. வாடிக்கையாளர்களுக்கு மெத்தை வைத்த சோபாக்கள், குளிர்ந்த மோர். எதிரில் வரிசையாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். யார் முகத்திலும் களைப்பே இல்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது. அவர்களுக்குப் பின்னால் சுவரோரம் நாற்காலிகள் இருந்தன. வாங்கியபோது சுற்றிவந்த பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை.

தளத்தின் மேற்பார்வையாளர் தவசிமுத்து வந்து வணக்கம் சொன்னார். ஐம்பதைத் தாண்டியவர், நரைத்த மீசை. அவர் கால்சட்டைக்குக் கீழே கணுக்காலில் அதே கறுப்பு உறையின் விளிம்பு தெரிந்தது.

“நாற்காலி சும்மாவே கிடக்கே சார்?”

“நாங்க உக்காரக் கூடாதுன்னு சொல்லல மேடம். யாரும் கேக்கதில்ல,” என்றார் அவர். பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. குரலைத் தாழ்த்தி, “அந்தப் பொண்ணு மெர்லின் எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

சிவபாலனிடம் தமயந்தி நேரடியாகவே சொன்னாள், வலி தணிக்கிற வேலையை நிறுத்தியாக வேண்டும் என்று.

“அந்தப் பொண்ணோட வைத்தியச் செலவ நாம பாத்துக்குறோம். ஆனா நிறுத்த முடியாது. நிறுத்தினா அந்தப் பொண்ணுங்களே வந்து சண்டை போடுவாங்க,” என்றார் அவர். “நீங்க வேணா கேட்டுப் பாருங்க.”

அவள் கேட்கவில்லை. தன் அறையில் உட்கார்ந்து வேறொன்றை எழுத ஆரம்பித்தாள். தசையின் களைப்பு ஓர் அளவைத் தாண்டினால் உறை தானாகவே முட்டியை மெதுவாக மடக்கும். ஆள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஆடித் தள்ளுபடி நாளில் ஒரு தளம் முழுக்கப் பெண்கள் கூட்டத்தின் நடுவே அப்படியே அமர்வதை நினைத்தபோது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது. ஜெசிந்தாவைக் கூப்பிட்டு அதை விளக்கினாள்.

ஜெசிந்தா கடைசிவரை கேட்டாள்.

“அன்னைக்கு நீங்க நிக்க வச்சீங்க. இப்ப நீங்களே உக்கார வைக்கப் போறீங்க. அது யாரு காலு அக்கா?”

தமயந்திக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

“கோவப்படாதீங்க. நான் ஒங்களக் குத்தம் சொல்லல. நாந்தானே முதல்ல ஆசப்பட்டேன்,” என்றாள் ஜெசிந்தா. “வாங்க, அவங்கள்ட்டயே போய்க் கேப்போம். சிவபாலன் சாரும் அதத்தானே சொன்னாரு.”

கடைக்கு விடுமுறையான ஒரு நாள் காலை விடுதிக்குப் போனார்கள். நீளமான ஒரே கூடத்தில் கட்டில்கள், கொடியில் ஈரத்துணி. பத்துப் பன்னிரண்டு பெண்கள் கட்டிலிலும் தரையிலுமாக உட்கார்ந்தார்கள். மெர்லின் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துச் சுவரில் சாய்ந்திருந்தாள். உறை என்ன செய்கிறது, மெர்லினுக்கு ஏன் அப்படி ஆனது என்று தமயந்தி எதையும் மறைக்காமல் சொன்னாள்.

“எடுத்துடாதீங்க மேடம்,” என்றாள் சுகிர்தா என்ற பெண், உடனே. “இது இல்லாம முன்ன நின்னிருக்கேன். ராத்திரி படியேற முடியாம தவழ்ந்து வந்திருக்கேன். தெரியாமலே போனா போகட்டும்.”

“தெரியாமப் போனதுதானடி இவளுக்கு ரெண்டு விரலு,” என்றாள் இன்னொருத்தி.

“ஒரு பொத்தான் வச்சுக் குடுத்தா? வேணுங்கும்போது நீங்களே தணிப்ப நிறுத்திக்கலாம். நரம்ப எழுப்புற ஒரு துடிப்பையும் சேத்துடுறேன், உடனே முழிச்சிக்கும். உக்காரணும்னு தோணினா உக்காரலாம்,” என்றாள் தமயந்தி.

பிறகு மெர்லின்தான் சொன்னாள்.

“ஒருத்தி மட்டும் அமுக்கி, ஒருத்தி மட்டும் உக்காந்தா, அடுத்த மாசம் அவ இருக்க மாட்டா மேடம். எல்லாரும் நல்லா நிக்காங்க, ஒனக்கு மட்டும் என்னன்னு கேப்பாங்க. அந்த நாற்காலி சும்மா கிடக்கது அதுக்காகத்தான்.”

“எல்லாருக்கும் ஒண்ணா வலிச்சா?” என்று கேட்டாள் சுகிர்தா. விளையாட்டாகக் கேட்டது போலத்தான் இருந்தது. கேட்ட பிறகு அவளே நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இந்த உறையெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசுமா மேடம்?”

பேசும். ‘நிமிர்’ பெட்டியில் ஏறும் எல்லார் உறையும் ஒரே தண்டவாளத்தைத்தான் கேட்கின்றன. ஒரு தளத்தில் யார் அமுக்கினாலும் அந்தத் தளம் முழுக்கத் தணிப்பு விலகும்படி செய்யலாம். அமுக்கியது யார் என்று எவருக்கும், தமயந்திக்கும்கூட, தெரியாதபடி செய்யலாம். சற்று நேரம் கழித்துத் தணிப்பு மறுபடி வரும்.

“அப்ப நான் வலி வேண்டாம்னு நினைச்சாலும் இன்னொருத்திக்காக எனக்கும் வலிக்கும்,” என்றாள் தரையில் இருந்த ஒரு பெண், மெதுவாக, தனக்குத்தானே சரிபார்ப்பது போல.

“ஆமா.”

வாதம் மதியம்வரை நடந்தது. இரண்டு பேர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு அவர்களும், சரி செய்யுங்க, பார்ப்போம் என்றார்கள். வராத மற்றப் பெண்களிடம் ஒருத்தர் விடாமல் தாங்களே பேசிக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். சில நாட்களில் ஜெசிந்தா மூலம் பதில் வந்தது. மூன்றாவது தளம் மட்டும் போதும், முதலில்.

தமயந்தி அதை எழுதி அனுப்பினாள். உறையின் மேல்விளிம்பை இரண்டு முறை தட்டினால் போதும். கழற்றியதும் நரம்பு விழித்துக்கொள்ளும்படியும் மாற்றினாள். அனுப்பிய கையோடு சிவபாலனின் அறைக்குப் போய்ச் சொன்னாள்.

அவர் பேனாவை மூடி வைத்தார். “நாளையிலருந்து நீங்க வர வேண்டாம், தமயந்தி,” என்றார். “வேற ஆளு இதப் படிச்சுப் புரிஞ்சு மாத்துறதுக்கு ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் கடைக்காரங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்?”

“உண்மையச் சொல்லுங்க சார்.”



அந்த வாரமே வந்தது ஆடித் தள்ளுபடியின் முதல் சனிக்கிழமை. மூன்றாவது தளத்தில் கால் வைக்க இடமில்லை. தமயந்தியும் ஜெசிந்தாவும் வாடிக்கையாளர் சோபாவில் இடம் பிடித்து உட்கார்ந்து, வாங்கப் போவதில்லை என்று தெரிந்தே சேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்துப் போட்டவள் சுகிர்தா. அவள் கை அடிக்கடி தொடைப் பக்கம் போயிற்று. உறையின் விளிம்பைத் தொடும், அப்படியே திரும்பி வந்து இன்னொரு சேலையை விரிக்கும். பக்கத்துப் பெண்ணின் கையும் அப்படித்தான் போய் வந்தது. அதற்கடுத்தவளுடையதும்.

நண்பகல் கழிந்தது. மாலை ஆயிற்று. யாரும் தட்டவில்லை.

“பயந்துட்டாங்க,” என்றாள் தமயந்தி தாழ்ந்த குரலில்.

“நானா இருந்தாலும் பயந்திருப்பேன்க்கா. எனக்காக இத்தன பேருக்கு வலிக்கணுமான்னு தோணும்லா,” என்றாள் ஜெசிந்தா. அப்படியொரு தயக்கம் வரும் என்று தமயந்தி நினைத்துப் பார்த்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தாள்.

அப்போது சுகிர்தாவின் கையில் விரிந்திருந்த மாம்பழ நிறச் சேலை நழுவிற்று. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். தளம் முழுக்க ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது. யாரும் கத்தவில்லை. நாள் முழுக்கச் சேர்ந்திருந்தது எல்லாம் ஒரே நேரத்தில் கால்களில் வந்து இறங்கியதை முகங்களில் பார்க்க முடிந்தது. சிலருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஒருத்தி காலைத் தூக்கிப் பார்த்து ஒரு குண்டூசியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

பிறகு அவர்கள் திரும்பி நடந்தார்கள். பிளாஸ்டிக் உறை சரசரக்கும் சத்தம் வரிசையாகக் கேட்டது. நாற்காலி கிடைக்காதவர்கள் சேலைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்தார்கள்.

“என்னம்மா இது, பாதியில விட்டுட்டு?” என்றார் தமயந்தியின் பக்கத்தில் இருந்த அம்மாள்.

“கால் வலிக்குதும்மா. கொஞ்சம் பொறுங்க, எடுத்துப் போடுதேன்,” என்றாள் சுகிர்தா, உட்கார்ந்தபடியே. அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சுற்றிலும் பார்த்து, மோர் டம்ளரை எடுத்துக்கொண்டார். கீழேயிருந்து யாரோ தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் எடுக்கவில்லை. எத்தனை பேரை ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்ப முடியும் என்று கடை நிர்வாகத்தினர் யோசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் தணிப்பு திரும்பியது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து சேலை மடிக்கத் தொடங்கினார்கள். தமயந்தி கை கழுவும் இடத்துப் பக்கம் போனபோது தவசிமுத்து தூணில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மேடம், நீங்க யாரையும் சந்தேகப்பட வேண்டாம். தட்டுனது நான்தான்.”

தமயந்திக்கு முதலில் புரியவில்லை. விடுதிக் கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

“ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. காலையிலருந்து பாக்கேன், எல்லாப் பிள்ளையளும் தொடையத் தொட்டுப் பாக்குதுவ, கைய எடுத்துருதுவ. என்னன்னு தெரியல. நானும் ரெண்டு தட்டு தட்டிப் பாத்தேன்.” அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். “இடுப்புக்குக் கீழ இவ்வளவு வலி கிடக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது. முப்பது வருசமா நிக்கேன் மேடம்.”

“கேட்டா என்ன சொல்வீங்க?”

“எனக்குத் தெரியாதுன்னு சொல்லுவேன். யாருக்கும் தெரியாதுல்லா?”

தெரியாது என்று தமயந்தி தலையசைத்தாள். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். சட்டென்று பல்லைக் கடித்துக்கொண்டு தூணைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் தளம் முழுக்கக் கைகள் மேசை விளிம்புகளைப் பற்றின.

“இது நான் இல்ல, மேடம்,” என்றார் தவசிமுத்து. பிறகு காலைத் தாங்கித் தாங்கிப் போய், வாடிக்கையாளர் சோபாவில் ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.